பஞ்ச் ஆறும் ஒரு எல்லைக்கோடும்

மலைநாட்டில் ஆறுதான் இயற்கையான எல்லை என்று எளிதில் நம்பிவிடுகிறோம். மத்திய ஆசியாவின் பாமிர் மலைகளில் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகிறது. பாமிரின் கிழக்குப் பாதி, கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேல் அகன்று கிடக்கும் வறண்ட மேட்டுநிலம். கிர்கிஸ் இடையர்கள் யாக்குகளையும் ஆடுகளையும் மேய்க்குமிடம். மேற்குப் பாதியிலோ பனியாறுகளில் பிறந்த நதிகள் மலையை அறுத்து ஆழ்ந்த இடுக்குகளாக்கியிருக்கின்றன. அங்கே குடியிருக்கத் தோதான நிலம், பக்கத்து ஓடைகள் பஞ்ச் ஆற்றில் விழுமிடத்தில் மண்ணையும் கல்லையும் கொட்டி உண்டாக்கிய விசிறி வடிவ மேடுகள்தாம். ஓடைநீரை வாய்க்காலில் திருப்பிக் கோதுமை விதைப்பார்கள். மல்பெரிப் பழத்தை உலர்த்தி இடித்த மாவு குளிர்காலச் சாப்பாடு. ஊருக்குப் பின்னால் செங்குத்துப் பாறை. எதிர்க்கரையில் இதே போன்ற இன்னொரு ஊர். பின்னால் ஏறுவதைவிட எதிரே போவது எளிது. வாக்கான், ஷுக்னான், ரோஷான், தர்வாஸ் என்ற சிற்றரசுகள் இரு கரைகளிலும் பரவியிருந்ததற்கு நிலத்தின் இந்த அமைப்பே காரணம்.

வேகமாகப் பாயும் பஞ்ச் ஆற்றைக் கடப்பது எளிதா என்று கேட்கலாம். கோடையில் பனி உருகும்போது கடினம்தான். ஆனால் காற்று ஊதிய ஆட்டுத்தோல் பையை மார்புக்கடியில் அணைத்துக்கொண்டு நீந்தும் வழக்கம் அங்கே இருந்தது. அரசுகளுக்குள் பகை இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அவற்றின் எல்லை ஆற்றோடு ஓடவில்லை, ஆற்றைக் குறுக்கே வெட்டியது. பிரிட்டிஷ் பேரரசின் லண்டனுக்கும் ரஷ்யப் பேரரசின் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இதெல்லாம் பொருட்டாக இருக்கவில்லை. 1838இல் கடற்படை அதிகாரி ஜான் உட் கண்டு எழுதிய ஜோர்குல் ஏரியிலிருந்து ஆற்றோடு இறங்கும் எல்லைக்கோட்டை இரு பேரரசுகளும் 1873இல் ஒப்புக்கொண்டன. அதைச் செயல்படுத்த, 1890களில் ஷுக்னான், ரோஷானின் வலக்கரையை ஆப்கானிஸ்தான் விட்டுக்கொடுத்தது. ஈடாக தர்வாஸின் இடக்கரையை, ரஷ்யாவுக்குக் கட்டுப்பட்டிருந்த புகாரா அமீரகம் கொடுத்தது. பேரரசுகளுக்குத் தகராறில்லாத கோடு தேவைப்பட்டது என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஜோர்குலுக்குக் கிழக்கே, 1895இல், அவர்களே மலைமுகட்டின் வழியாகக் கோடு இழுத்தார்கள். முகடும் எல்லையாகும் என்பது தெரிந்தவர்கள்தாம். மேற்கே ஆற்றைப் பிடித்தது வரைபடத்தின் வசதிக்காக. பள்ளத்தாக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

சோவியத் காலத்தில் அந்தக் கோடு இறுக மூடப்பட்டது. ஒரே மொழி பேசும், இஸ்லாத்தின் ஒரே இஸ்மாயிலி மரபைப் பின்பற்றும் உறவினர்கள் கண்ணெட்டும் தூரத்தில் தலைமுறைகளாகப் பிரிந்து கிடந்தார்கள். இன்றைய தஜிகிஸ்தானின் கோரோக் நகருக்கு அருகே தேம் என்ற இடத்தில் இரு கரைகளையும் இணைக்கும் பாலம் 2002இல்தான் திறக்கப்பட்டது.