2.512: நுங்கம்பாக்கம் முதல் காவலூர் வரை

ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். மலைவாழ் மக்களின் சாமைக் கொல்லைகள், காடு, காட்டுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்கள். வைணு பாப்பு வானாய்வகத்தில் ராத்திரியெல்லாம் நடக்கிற கணக்குக்கு அடிப்படை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற ஒரு வரிதான்: அடிமானம் ஒன்றாக இருந்தால், பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டு, வகுக்கும்போது கழி.

விண்மீன்களை வெளிச்சத்தின்படி ஆறு தரமாகப் பிரிப்பது கிரேக்கர்கள் காலத்து வழக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய பட்டியலில் அது இருக்கிறது. பள்ளிக்கூட ரேங்க் மாதிரிதான்; முதல் தரம் பளிச்சென்று இருக்கும், ஆறாம் தரம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். எண் கூடக்கூட வெளிச்சம் குறையும் என்பதால் புதிதாகப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் தடுமாறுகிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒளி மடங்கு மடங்காகப் பெருகினாலும், நம் கண் அதை ஒவ்வொரு படியாக ஏறுவதாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே கண்ணால் பிரித்த ஆறு தரங்களுக்குள் ஓர் அடுக்குக் கணக்கு ஒளிந்திருந்தது. முதல் தரம் ஆறாம் தரத்தைப் போல ஏறக்குறைய 100 மடங்கு வெளிச்சம் என்று 19ஆம் நூற்றாண்டில் அளந்து கண்டார்கள்.

1856இல் ஆக்ஸ்ஃபோர்டில் உதவியாளராக இருந்த நார்மன் ராபர்ட் போக்சன், இந்த ‘ஏறக்குறைய’வைத் தூக்கி எறிந்தார். ஐந்து படிக்குச் சரியாக 100 மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு படிக்கு 100இன் ஐந்தாம் மூலம், அதாவது 2.512. அந்த எண்ணைத் தேர்ந்ததில் கணக்குப் போடுகிறவனின் சாமர்த்தியம் தெரிகிறது. மடக்கைப் பட்டியல் உள்ள பழைய கிளார்க்ஸ் டேபிள் வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 25ஆம் வரிசையில் 1க்கு நேரே 3997. 2க்கான வித்தியாசம் 3. கூட்டினால் 4000. 2.512இன் மடக்கை 0.4. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதைவிட வசதியான எண் வேறென்ன கிடைக்கும்?

ஐந்தாண்டு கழித்து அவர் சென்னைக்கு வந்துவிட்டார். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய மெட்ராஸ் வானாய்வகத்தின் பொறுப்பு, 1861இல் அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசிய மண்ணிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஏசியா’ என்றே பெயர். அங்கே பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற மாறொளி விண்மீனைக் கண்டார். ஒரே விண்மீன் எந்த நாளில் எந்தத் தரத்துக்கு ஏறி இறங்குகிறது என்று பார்த்துக் குறித்தால்தான் அப்படியொன்று பிடிபடும். போக்சனின் மகள் ஐசிஸும் அங்கேயே உதவியாளராக இருந்தார். போக்சன் 1891இல் சென்னையிலேயே காலமானார். அவர் வகுத்த அளவுகோல் ஹார்வர்டு போய் உலகத்துக்கே பொதுவானது. நுங்கம்பாக்கத்தில் அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1899இல் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போனது. அந்த இடம் சூரியனைப் பார்க்க உகந்தது. இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டியிருந்தது. சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1960இல் கொடைக்கானல் இயக்குநரானார். தேடி அலைந்து அவர் தேர்ந்த இடம் காவலூர். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகைதான் என்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி வந்தது, 1972இல் ஒரு மீட்டர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகும் முன்பே அந்த ஒளி சட்டென்று மங்கித் தெளிந்ததைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதைத் திட்டமிட்ட பாப்பு 1982இலேயே மறைந்துவிட்டார்.

இந்த வளர்ச்சியை அடுக்கிலேயே சொல்லலாம். 38 செ.மீ. ஆடி 234 செ.மீ. ஆனபோது விட்டம் ஆறு மடங்குக்குச் சற்று மேல். வாங்கும் ஒளி அதன் வர்க்கம், சுமார் 38 மடங்கு. 2.512இன் நான்காம் அடுக்கு 39.8. ஆக, ஏறக்குறைய நான்கு தரம் மங்கலான விண்மீன் வரை எட்டிப் பார்க்கலாம்.

வகுப்பறையில் அடுக்கு என்றால் வழக்கமாகச் சதுரங்கக் கட்டத்து நெல்லும், இரட்டித்துக்கொண்டே போகும் பாக்டீரியாவும்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூச்சியம் அல்லாத எந்த எண்ணின் பூச்சிய அடுக்கும் ஏன் 1 என்று ஒரு பிள்ளை கேட்டால் நெல் கைகொடுக்காது. இரண்டு விண்மீனுக்கும் ஒரே தரம், வித்தியாசம் பூச்சியம்; அப்படியானால் ஒன்று மற்றதைப் போல எத்தனை மடங்கு வெளிச்சம்? ஒரு மடங்குதான். குறை அடுக்குக்கும் இதே வானம் போதும்: மைனஸ் ஐந்து என்றால் நூறில் ஒரு பங்கு. சூரியனுக்கும் முழுநிலவுக்கும் 14 தரம் வித்தியாசம், 2.512ஐப் பதினான்கு தடவை பெருக்கினால் சுமார் நான்கு லட்சம்.

சென்னையிலிருந்து போக்சன் கடைசியாகக் கண்ட சிறுகோள் ‘வேரா’, 1885இல். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு இந்தியாவிலிருந்து ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஆர். ராஜமோகன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 4130 என்று எண்ணிட்டு, அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள்.