ஐந்து முறை அழுத்தினால்

சில ஆண்டுகளுக்கு முன், பொள்ளாச்சிச் சாலையை ஒட்டிய ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்திற்குத் தமிழ்த் தட்டச்சுப் பயிற்றுவிக்கச் சென்றிருந்தோம். ஒரு கணினியின் மீது 'கீபோர்டு ரிப்பேர்' என்று தாள் ஒட்டியிருந்தது. பலகையை இருமுறை மாற்றியும் பயனில்லையாம். விசையைத் தட்டினால் எழுத்து விழவில்லை. சற்றே அழுத்திப் பிடித்தால் விழுகிறது. பழுது பலகையில் இல்லை என்பது அப்போதே விளங்கிவிட்டது. விண்டோஸில் வலப்பக்க ஷிப்டு விசையை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் 'பில்டர் கீஸ்' என்னும் வசதி வேண்டுமா என்று ஒரு வினா தோன்றும். யாரோ ஒரு பிள்ளை அதற்கு 'ஆம்' என்று விடை கொடுத்துவிட்டு மணியடித்ததும் எழுந்து போயிருக்கிறது. பின்னால் வந்தமர்ந்தவர்கள் எல்லாம் அந்த 'ஆம்' என்பதன் பயனை அனுபவித்திருக்கிறார்கள்.

இவ்வசதிகளின் வரலாற்றை அன்றுதான் தேடத் தொடங்கினோம். தட்டச்சுப்பொறியின் கதையே கண்பார்வையற்ற ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இத்தாலியில் பெல்லக்ரினோ தூரி என்பவர் தம் தோழி கரோலினா பந்தோனி தாமே மடல் எழுதுவதற்காக ஒரு பொறி செய்து கொடுத்தார். 1808-இல் அவர் அதில் அடித்த மடல் இன்றும் இருக்கிறது. ஷிப்டு விசை 1878-இல் ரெமிங்டனின் இரண்டாம் எண் பொறியோடு வந்தது. ஒரே அச்சுக்கோலில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் அமைய, உருளையை இடம்பெயர்த்ததால் அதற்கு அப்பெயர். சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் அன்று முதல் ஒரே நேரத்தில் இரண்டு விசைகளை அழுத்த வேண்டிய கட்டாயமும் வந்து சேர்ந்தது. ஒரு கை மட்டுமே உடையவர், வாயில் கோலைக் கவ்வி அடிப்பவர் ஆகியோர் என்ன செய்வார்?

இதற்கு விடை கண்டவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1971-இல் கிரெக் வாண்டர்ஹைடன் நிறுவிய டிரேஸ் மையத்தார். ஷிப்டைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தாலும், அடுத்த விசை வரும் வரை அது அழுந்தியதாகவே கணினி கொள்ளும். இதுவே 'ஸ்டிக்கி கீஸ்'. முதலில் தனி மென்பொருளாக வழங்கிய இத்தகைய வசதிகள் 1995-இல் விண்டோஸ் 95-இன் உள்ளேயே இடம்பெற்றன. ஷிப்டை ஐந்து முறை தட்டினால் விழித்துக்கொள்ளும்படி அமைத்ததற்கும் காரணம் உண்டு. பட்டியல் பட்டியலாகத் திறந்து தேட இயலாத ஒருவர், பிறர் உதவியின்றித் தாமே அதை இயக்கிக்கொள்ள வேண்டும். ஷிப்டு எல்லாப் பலகையிலும் உண்டு. தனியே தட்டினால் எழுத்தும் விழாது. நல்ல சிந்தனைதான். ஒரு கணினியை நாளுக்கு நாற்பது பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும் வகுப்பறை மட்டும் அந்தச் சிந்தனையில் இல்லை.

நம் மொழிக்கு ஷிப்டோடு தனி வழக்கு ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா வடித்த தட்டச்சுப்பொறி மரபில் ஷிப்டுக்கு ஓயாத வேலை. கொங்கு நாட்டுச் சிற்றூர்களின் தட்டச்சுப் பயிலகங்களில் விரல் நோகப் பழகியவர்களுக்கு இது தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே உருவான தமிழ்99 பலகையோ, கிரந்த எழுத்துகளைத்தான் ஷிப்டுக்கு ஒதுக்கியது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'க' இருமுறை அடித்தால் புள்ளி தானே விழும். ஒற்றைக் கையால் அடிப்பவருக்கு இதைவிட இரக்கமுள்ள பலகை தமிழில் இல்லை என்பது எம் கருத்து. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடும் அதனோடு தமிழிணைய மாநாடும் நடந்தன. ஒருங்குறியை அரசு ஏற்றதும் அப்போதுதான். ஆனால் எம் பிள்ளைகள் பெரும்பாலும் விரும்புவது ஆங்கில ஒலிவழித் தட்டச்சையே. அதில் ண, ள, ற மூன்றுக்கும் ஷிப்டு வேண்டும். 'பள்ளி' என்று அடிக்க வேண்டியவள், எந்த லகரம் என்ற ஐயத்தில் ஷிப்டைத் தொட்டுத் தொட்டு விடுகிறாள். ஐந்தாம் முறை திரையில் வினா குதிக்கிறது. இலக்கண ஐயத்தைக் கணினி வேறாகப் புரிந்துகொண்ட இந்தக் காட்சியை நாம் பலமுறை கண்டு சிரித்திருக்கிறோம்.

நிறுத்துவது கடினமன்று. விண்டோஸ் 11-இல் அமைப்புகளில் 'ஆக்சசிபிலிட்டி', அதனுள் 'கீபோர்டு' என்று சென்று, ஸ்டிக்கி கீஸ், பில்டர் கீஸ், டாகிள் கீஸ் மூன்றிலும் குறுக்குவழி விசைக்கான பொத்தானை அணைத்தால் போதும். ரெஜிஸ்ட்ரியில் இவற்றின் இயல்பெண்கள் முறையே 510, 126, 62. ஒவ்வொன்றிலும் நான்கைக் கழித்து 506, 122, 58 என்று இட்டாலும் அதே பயன். அந்த நான்கு குறுக்குவழியை மட்டுமே குறிக்கிறது. வசதி அழிவதில்லை, வாசல்தான் அடைபடுகிறது.

அன்று மாலைக்குள் ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் இதைச் செய்து முடித்துப் பெருமிதத்தோடு திரும்பினோம். அடுத்த வாரம் சென்றபோது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எம்மிடம் வந்தான். இடக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. "ஐயா, அஞ்சு தடவ தட்டுனா வருமே, அது இப்ப வரமாட்டேங்குதுங்க" என்றான். அவனுக்கு அதை யாரும் கற்பிக்கவில்லை. தற்செயலாகக் கண்டுபிடித்து, ஓர் ஆண்டாக வெட்டி ஒட்டுவதற்கெல்லாம் பயன்படுத்தி வந்திருக்கிறான். அமைப்புகளுக்குள் மாணவர் நுழைய முடியாதபடி பூட்டியிருந்ததால், எந்த வழியுமின்றி ஒரு வாரம் சும்மா அமர்ந்திருந்திருக்கிறான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்ததையும், கணினி வசதிகள் அவர்கள் அணுகும்படி இருக்க வேண்டும் என்று அது சொல்வதையும் மேடைகளில் பேசியவர்கள் நாம்.

இவ்வமைப்புகள் கணினிக்கு உரியவை அல்ல, பயனர் கணக்குக்கு உரியவை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொதுக் கணக்கில் நாற்பது பிள்ளைகளுக்கும் குறுக்குவழி அடைபட்டே இருக்க, எல்லாக் கணினியிலும் அவன் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, அதில் ஸ்டிக்கி கீஸை நிலையாகவே இயக்கிவைத்தோம். கடவுச்சொல்லை அவனே தேர்ந்தான். தமிழ்99-ஐயும் அன்றே காட்டினோம். முதலில் அடித்தது தன் ஊரின் பெயரை.