அமெரிக்கப் பெற்றோரும் ஆட்டிசமும்: 1943 முதல் 1999 வரை

பிறரோடு உறவாடுவதிலும் பேச்சிலும் குழந்தைப் பருவம் தொட்டே வேறுபாடு காட்டும் ஆட்டிசம், தனியொரு நிலையாக மருத்துவ உலகில் அறியப்பட்டது 1943இல், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் வழியாகும். அவர்களுள் முதல் குழந்தையின் தந்தை, மகனின் நடத்தையைக் கவனித்து 33 பக்கக் கடிதம் ஒன்றை எழுதி அனுப்பியிருந்தார். கானர் அக்கடிதத்தைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டார். எனினும், இந்நிலை பிறவியிலேயே அமைவது என்று அக்கட்டுரையில் கருதிய அவரே, பெற்றோரிடம் கனிவு குறைவு என்றும் குறிப்பிட்டு, 1949இல் அதனை மேலும் வலியுறுத்தி, பனி உருகாத குளிர்பதனப் பெட்டிக்குள் விடப்பட்டவர்களாக அக்குழந்தைகளை வருணித்தார். தாயின் அன்பின்மையே குழந்தையைத் தன்னுள் ஒடுங்கச் செய்தது எனப் பொருள்படும் ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்னும் வசை இவ்வாறுதான் பரவியது.

அவ்வசையைக் கோட்பாடாக உயர்த்தியவர் சிகாகோவில் உறைவிடப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் ஆவார். மருத்துவப் பட்டம் பெறாத அவர், தாம் அடைபட்டிருந்த நாஜி வதைமுகாம்களின் அனுபவத்தை இக்குழந்தைகளின் வீட்டுச் சூழலுக்கு ஒப்பிட்டு 1967இல் வெளியிட்ட ‘வெற்றுக் கோட்டை’ என்னும் நூல் பெரும் புகழ் பெற்றது. காரணம் தாய் என்றான பின், குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து வைப்பதும் தாயை உளப்பகுப்பாய்வுக்கு, அதாவது ஆழ்மனத்தைப் பேச்சின் வழி ஆராயும் முறைக்கு, அனுப்புவதுமே சிகிச்சையாயின. அதே தாய் வளர்த்த பிற பிள்ளைகள் எவ்விதக் குறையுமின்றி வளர்ந்தது ஏன் என்ற எளிய வினா அந்நாளைய வல்லுநர்களை அதிகம் உறுத்தவில்லை என்பது வியப்புக்குரியது.

அவ்வினாவை விடாது எழுப்பியவர் பெர்னார்டு ரிம்லாண்ட். சான் டியாகோவில் கடற்படையின் உளவியலாளராகப் பணியாற்றிய அவர், 1956இல் பிறந்த தம் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதை அறிந்து, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்து, இதன் வேர் உடலில்தான் உள்ளது என வாதிடும் நூலை 1964இல், கானரே முன்னுரை வழங்க, வெளியிட்டார். நூலின் இறுதியில் இணைத்திருந்த வினாப்பட்டியலைப் பெற்றோர் நிரப்பி அனுப்பத் தொடங்கியதால், தனித்தனியே குற்ற உணர்வில் கிடந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தனர். 1965இல் தேசிய ஆட்டிசக் குழந்தைகள் சங்கம் உருவாயிற்று. 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் கானர் பெற்றோரைப் பழியிலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். 1977இல் வெளிவந்த சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோரின் இரட்டையர் ஆய்வு மரபுவழிக் காரணத்துக்குச் சான்று தந்தது.

பெற்றோரின் கடிதங்களை நம்பிய அப்பழக்கமே பின்னர் வேறு திசையிலும் இட்டுச்சென்றது. வைட்டமின்களால் பிள்ளைகள் தேறினர் எனச் சிலர் எழுதியதைக் கண்டு மிகையளவு பி6 வைட்டமினைப் பரிந்துரைத்த ரிம்லாண்ட், பிற்காலத்தில் ஆட்டிசத்துக்குத் தடுப்பூசி காரணமோ என்றும் ஐயுற்றார். 1998இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளைக் கொண்டு வெளியிட்ட கட்டுரை அவ்வச்சத்தைப் பெருக்கியது. 2010இல் அது திரும்பப் பெறப்பட்டது. வல்லுநர் கூற்றை ஐயுறும் துணிவு முதல் தலைமுறைக்கு விடுதலை தந்தது. அடுத்த தலைமுறையினரில் பலருக்கு அதே துணிவு, எந்த ஆய்வையும் ஏற்க மறுக்கும் பிடிவாதமாக இறுகியது.

செக்ரெட்டின் நிகழ்ச்சி இதற்குச் சான்று. கணையத்தின் செயலைச் சோதிக்கச் செலுத்தப்படும் இந்த ஹார்மோனால் மூன்று குழந்தைகள் பேச்சில் முன்னேறியதாக 1998இல் செய்தி வந்ததும், பெற்றோர் பெரும் செலவில் அதனைத் தேடி அலைந்தனர். 1999 டிசம்பரில் வெளியான ஆய்வில், 56 குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்குச் செக்ரெட்டினும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் ஊசிவழி செலுத்தப்பட்டன. இரு பிரிவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. முடிவு தெரிவிக்கப்பட்ட பின்பும், அக்குழந்தைகளின் பெற்றோரில் 69 விழுக்காட்டினர் செக்ரெட்டின் சிகிச்சையில் தங்களுக்கு ஆர்வம் உண்டு என்றே கூறினர்.