காவற்காரனும் உபகாரச் சம்பளமும்

பிறர் உறங்கும் வேளையில் விழித்திருப்பதையே ஜீவனமாகக் கொண்ட ஒருவன், அந்த ஜீவனத்தின் நிமித்தமாகவே ஒரு கையையோ காலையோ கண்ணையோ பறிகொடுத்து வீடு திரும்புவானாயின், அல்லது திரும்பாமலே போவானாயின், அவனை நம்பியிருந்த குடும்பத்தைத் தாங்கவேண்டிய கடமை அவன் காத்த ஊரைச் சார்ந்ததா, அவனுக்குக் கட்டளையிட்ட அரசைச் சார்ந்ததா, அல்லது அவன் சந்ததியின் விதியையே சார்ந்ததா என்னும் கேள்வி, இன்றைய ஓய்வூதிய விதிகளோடு பிறந்ததன்று. வைகைக் கரையில் அதற்கு இரண்டாயிரம் ஆண்டு வயது உண்டு. மதுரை நகரமும் அதனைச் சூழ்ந்த திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், திண்டுக்கல் சமவெளிகளும் அக்கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கூறி வந்திருக்கின்றன. பிந்திய விடை முந்தியதைக் காட்டிலும் எப்போதும் மேலானது என்று சொல்லிவிட முடியாதபடி, அவற்றுள் லாபமும் நஷ்டமும் கலந்தே கிடக்கின்றன.

பழைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததும் இன்று தேனி மாவட்டத்தில் அடங்குவதுமான புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006-ஆம் ஆண்டில் கண்டெடுத்த நடுகற்கள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்தவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனுடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. அவன் கவர வந்தவனா, மீட்கச் சென்றவனா என்று அறிஞர்கள் ஆராயட்டும். ஆடுமாடுகளே செல்வமாக இருந்த ஒரு சமுதாயம், அதன் பொருட்டுப் பிராணனை விட்டவனுக்குக் கல் நட்டுப் பெயர் எழுதிப் பூசை செய்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, தலையாலங்கானத்து நெடுஞ்செழியனுடைய தலைநகரின் நள்ளிரவை வருணிக்கும்போது, கள்வரைத் தேடித் தெருத் தெருவாகத் திரியும் ஊர்க்காப்பாளரையும் மறவாமல் காட்டுகிறது. ஆகவே இந்நகரத்தில் இரவுக் காவல் என்பது அந்நியர் கொண்டுவந்து கொடுத்த ஏற்பாடன்று.

ஆயினும் கல்லை நட்டு வணங்கிவிட்டால் மாத்திரம் விதவையின் அடுப்பு எரியுமா? எரியாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். பூசலில் பட்டவனுடைய சந்ததிக்கு நிலம் விட்டுக்கொடுக்கும் வழக்கம் தமிழகக் கல்வெட்டுகளில் பலவிடத்தும் காணப்படுகிறது. உதிரப்பட்டி என்றும், அதனினும் பழைய வழக்கில் நெய்த்தோர்ப்பட்டி என்றும் அந்நிலத்துக்குப் பெயர். சிந்திய இரத்தத்துக்கு ஈடாக ஊரார் தம் மண்ணிலேயே ஒரு பகுதியை அளந்து கொடுத்தார்கள் என்பதைச் சிறிது ஆழ்ந்து நினைத்துப் பார்க்கவேண்டும். ரொக்கம் செலவழிந்துவிடும். தானியமோ ஓர் ஆண்டுக்கு மேல் வராது. நிலம் ஒன்றே, இறந்தவனுடைய மகன் வளர்ந்து அவன் மகனும் வளர்ந்த பிறகுங்கூட, இன்னார் எங்களுக்காக மாண்டார் என்று ஆண்டுதோறும் விளைச்சலோடு ஊராருக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும். குடும்ப ஓய்வூதியம் என்று நாம் இன்று வழங்கும் ஏற்பாட்டின் சாரம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது. அதைப் பெற எவரும் மனுப் போட்டுக் காத்திருக்கவேண்டியதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

நாயக்கர் காலத்துக்கு வந்தால் சித்திரம் விரிவடைகிறது. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்து, மதுரைக் கோட்டையின் எழுபத்திரண்டு கொத்தளங்களையும் கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரராக ஒப்புவித்தனர் என்பது வழிவழியாக வரும் வரலாறு. பாளையக்காரர் தம் எல்லைக்குள் வாங்கிய காவல் வருமானம் தேசக்காவல் என்றும், அந்தந்த ஊர்க் காவற்காரர் பெற்றது ஸ்தலக்காவல் என்றும் இரு வகையாக இருந்தது. நகரத்துக்கு மேற்கே எட்டு நாடுகளாகப் பிரிந்து வாழ்ந்த பிறமலைக் கள்ளர்கள் இந்தக் காவலைத் தம் குலத்தொழிலாகவே கொண்டிருந்தனர். திருமலை நாயக்கர் அவர்களுடைய தலைவரான பின்னத்தேவருக்கு அளித்த மரியாதைகளைச் செப்பேடுகள் கூறுகின்றன.

இக்காவலின் முறையை அறிந்தால்தான் பின்னால் நேர்ந்த இழப்பின் அளவு விளங்கும். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தானியமாகவும், வீட்டுக்கு இவ்வளவு என்று பணமாகவும், ஏருக்கு இவ்வளவு என்று பங்காகவும் காவற்கூலி அளக்கப்பட்டது. அதற்கு மாறாக, காவல் எல்லைக்குள் மாடோ பொருளோ களவு போனால், காவற்காரன் அதைத் துப்புத் துலக்கி மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு செய்யவேண்டும். களவு போனதைக் கண்டுபிடித்துத் தருவதற்கு வாங்கும் துப்புக்கூலி என்ற ஒன்றும் இதனோடு ஒட்டி வளர்ந்தது. அது நாளடைவில் கெட்டுப்போய், களவாடியவனும் துப்புச் சொல்பவனும் ஒருவனே என்னும் பழிக்கு இடங்கொடுத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. காவற்கூலி கொடுக்க மறுத்த ஊரின் வைக்கோற்படப்பு எரிந்ததும் உண்டு.

ஆனால் அக்குறைகளுக்கு அடியில் ஒரு நியாயம் இருந்தது. காவல் என்பது ஒருவனுடைய உத்தியோகமன்று. ஒரு வம்சத்தின் பாத்தியதை. பங்காளிகள் அதைப் பங்கிட்டுக்கொண்டனர், அடமானம் வைத்தனர், விற்கவும் செய்தனர். அப்படியிருக்கையில், இரவு ரோந்தில் வெட்டுப்பட்டு ஒருவன் முடமானாலும், அவனுடைய முறையை அவன் தம்பியோ மகனோ பார்க்க, களத்துமேட்டில் அளக்கும் பங்கு அந்த வீட்டுக்குத் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். அங்கஹீனத்துக்கு என்று தனியாக ஒரு விதி எழுதப்படாததற்குக் காரணம் அத்தகைய நிலைமை வராமையன்று, பரம்பரைப் பாத்தியதையே அவ்விதியின் வேலையைச் செய்துவிட்டது என்பதுதான். காவலில் மாண்டவர்களோ பட்டவன் என்ற பெயரோடு ஊர் எல்லையில் தெய்வமாகி, இன்றும் பொங்கலும் படையலும் பெறுகின்றனர்.

கிழக்கிந்தியக் கும்பினியார் பாளையக்காரரை 1801-ஆம் ஆண்டோடு அடக்கி ஒடுக்கிய பின்னர், தேசக்காவலைப் பறித்துத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, 1802-ல் வங்காளத்தைப் பின்பற்றித் தரோகாக்கள் என்னும் போலீஸ் அதிகாரிகளை நியமித்தனர். அம்முறை தோல்வியுறவே, தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-ல் கிராமத் தலைவர்களையும் தலையாரிகளையும் கொண்டே காவலை நடத்தத் துணிந்தனர். பின்னர் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைமதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வெளிவீதிகளும் மாரட் வீதிகளும் தோன்றின. மதிலுக்குள் அடங்கியிருந்த பட்டணம் நாற்புறமும் பரந்தது. கொத்தளத்துக் காவலும் மறைந்தது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தின்படி சென்னை மாகாணப் போலீஸ் அமைக்கப்பட்டு, வில்லியம் ராபின்சன் அதன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். அன்றுமுதல் காவலன் சம்பளக்காரன் ஆனான். அவன் பெற்ற சம்பளத்தில் அவன் வம்சத்துக்குப் பங்கில்லை.

இங்கே ஒரு சிறு அத்தியாயம் குறுக்கிடுகிறது; சிறிதாயினும் பொருள் நிறைந்தது. 1865-ஆம் ஆண்டின் பட்டண அபிவிருத்திச் சட்டத்தை ஒட்டி, 1866-ல் மதுரைக்கு நகரசபை ஏற்பட்டது. அச்சட்டம், தெருவிளக்கும் சாக்கடையும் மட்டுமின்றி, பட்டணத்துப் போலீஸ் செலவின் பெரும்பகுதியையும் நகரசபையின் தலையில் ஏற்றியது. வீட்டுவரி கொடுக்கும் நகரத்தார் தம்மைக் காப்பவனுக்குத் தாமே சம்பளம் கொடுக்கும் பழைய நியதி, ஆங்கிலச் சட்டத்தின் வாயிலாக ஒருவாறு திரும்பி வந்தது என்று கூறலாம். ஆனால் காவலனை நியமிக்கவும் நீக்கவும் நகரசபைக்கு அதிகாரமில்லை. பணம் கொடுப்பது ஒருவர், ஏவுவது மற்றொருவர். 1871-ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டம் அந்தச் சுமையை நகரசபையினின்றும் இறக்கிவிட்டது. இங்கிலாந்தில் பட்டணங்கள் தத்தம் போலீஸைத் தாமே நியமித்துத் தாமே ஆண்டன. 1890-ஆம் ஆண்டுச் சட்டம், இருபத்தைந்து ஆண்டு உழைத்த காவலனுக்கு ஓய்வூதியத்தை உரிமையாகவே வழங்கியது. அமெரிக்க நகரங்கள் பலவற்றிலோ, இன்றும் ஊழியனும் நகரமும் சேர்ந்து செலுத்தும் நிதியிலிருந்து நகரமே தன் காவலருக்கு ஓய்வூதியமும் அங்கஹீன உதவியும் அளிக்கிறது. மதுரை அந்தப் பாதையில் ஐந்தாண்டு நடந்தது, அதுவும் அரைகுறையாக.

சர்க்கார் ஊழியன் ஆன காவலனுக்குச் சர்க்கார் என்ன செய்தது? 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 11-ஆவது ஷரத்து, போலீஸாருக்கென ஓர் ஓய்வு நிதியை ஏற்படுத்தியிருந்தது; 1874-ல் அந்த ஷரத்தையே நீக்கிவிட்டார்கள். இன்று அச்சட்டப் புத்தகத்தைத் திறப்பவர் பத்தாவது ஷரத்துக்கும் பன்னிரண்டாவதற்கும் இடையே ரத்து என்ற குறிப்பை மட்டுமே காண்பர். அதன்பின் பொது உத்தியோகஸ்தர்களுக்குரிய விதிகளே காவலனையும் ஆண்டன. நோயினால் உழைக்க இயலாதவனுக்கு இயலாமை ஓய்வூதியம் என்றும், கடமையில் காயம்பட்டவனுக்கும் மாண்டவனுடைய குடும்பத்துக்கும் விசேஷ ஓய்வூதியம் என்றும் அவ்விதிகள் வகுத்தன. ஒரு கண்ணோ ஓர் அவயவமோ போவதை அளவுகோலாகக் கொண்டு, மற்றக் காயங்களை அதற்கு மேற்பட்டவை, கீழ்ப்பட்டவை என்று வைத்தியர் நிறுத்துப் பார்த்தார். காயம் கடமையினால்தான் விளைந்தது என்று காட்டும் பொறுப்போ காயம்பட்டவனிடமே இருந்தது. இருட்டில் கல்லடி பட்டவனுக்குச் சாட்சிக்கு யார் வருவார்? ஊரறிந்த காயத்துக்கு நிலம் அளந்த காலத்தில் இந்தக் கேள்வி எழுந்ததில்லை.

இதற்கிடையே பழைய காவலும் சமவெளியில் முற்றும் மறைந்துவிடவில்லை. 1896-ல் திண்டுக்கல் பகுதியில், அம்மையப்ப கோன் என்பவருடைய தலைமையில், கள்ளர் காவலை ஒழிப்பதென்று குடியானவர்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து சபதம் செய்தனர். பண்டு என்ற பெயரோடு ஒரு பொதுநிதி திரட்டி, களவு போன மாட்டுக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தனர். அபாயத்தை அறிவிக்க ஊர்தோறும் கொம்பு வைத்துக்கொண்டனர். காவற்காரன் தன் சொத்திலிருந்து கொடுத்த ஈட்டை இப்போது ஊர்நிதி கொடுத்தது. அதில் ஒரு நியாயமும் முன்னேற்றமும் உண்டென்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவ்வியக்கம் வீடெரிப்பும் அடிதடியுமாக முடிந்து, தலைமுறை தலைமுறையாகக் காவல் காத்த குடும்பங்களைப் பிழைப்பற்றவர்களாகத் தெருவில் நிறுத்தியது. அவர்களுக்கு அளிக்கவேண்டிய பரிகாரத்தைப் பற்றி அரசாங்கம் சிந்திக்கவில்லை. கீழக்குடிக் கள்ளர்மீது 1914-லும், பின்னர் சுற்றுவட்டாரம் முழுவதிலும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஏவி, ரேகை பதியச் சொல்லியது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸார் சுட்டதில் ஒரு பெண்மணி உள்பட பதினைந்து பேருக்கு மேல் மாண்டனர். பழைய காவலனைப் புதிய காவலன் சுட்டான். காவற்பாத்தியதையை இழந்தவனுக்கு ஒரு காணி நிலமோ ஓர் உபகாரச் சம்பளமோ கொடுத்திருந்தால், இந்தச் சட்டத்துக்கே அவசியம் நேர்ந்திராது என்று நான் நம்புகிறேன். சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது 1947-ல்.

சுதந்திரத்துக்குப் பிறகு விதிகள் இரக்கம் மிகுந்தவை ஆயின என்பதைச் சொல்லாமல் விடுவது நன்றியன்று. 1964-ல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டம், ஊழியன் இறந்தபின் மனைவிக்கும் மக்களுக்கும் நிரந்தர ஆதாரம் தந்தது. ஓய்வூதியம் அரசின் தயவன்று, உழைத்துச் சேர்த்த உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17-ஆம் நாள் தீர்ப்பளித்தது. பணியில் இருக்கையில் அங்கஹீனமானவரை வேலையினின்று நீக்கலாகாது, வேறு வேலை கொடுக்கவேண்டும், அதுவும் இல்லையேல் உபரிப் பதவி உண்டாக்கியாவது வைத்துக்கொள்ளவேண்டும் என்று, ஊனமுற்றோருக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு கூறியது. எல்லைப்புறப் பாதுகாப்புப் படையொன்றில் கால் இழந்த ஒரு சாதாரணக் காவலர் தொடுத்த வழக்கில், இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்பது அப்பிரிவிலிருந்து தப்பும் வழியாகாது என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. 2016-ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அப்பாதுகாப்பைக் காத்து வைத்திருக்கிறது. ஆயினும் அதே 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து பணியில் சேர்ந்தவர்களை, தமிழக அரசு பழைய ஓய்வூதியத்தினின்றும் விலக்கிப் பங்களிப்புத் திட்டத்தில் சேர்த்தது. இதனால் ஒரே காவல் நிலையத்தில், ஒரே இரவு ரோந்துக்குப் போகும் இருவருடைய முதுமை வெவ்வேறு கணக்குகளில் எழுதப்பட்டது.

மதுரை 1971-ல் மாநகராட்சி ஆயிற்று. 1990-ல் நகரத்துக்குத் தனிப் போலீஸ் கமிஷனர் வந்தார். ஆனால் கமிஷனர் மாநகராட்சியின் ஊழியரல்லர். காவலரின் சம்பளமும் ஓய்வூதியமும் மாநில அரசின் கருவூலத்திலிருந்தே வருகின்றன. ஊராரிடம் நேராகக் கூலி வாங்காத காவலன் எவருக்கும் அஞ்சாமல் நடக்கலாம் என்பது இதன் நன்மை. காயம்பட்ட காவலன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்பதே அவன் காத்த தெருவுக்குத் தெரியாமற் போனது இதன் தீமை.

இவற்றுக்கெல்லாம் வெளியே மற்றொருவர் நிற்கிறார். சித்திரைத் திருவிழாவில் தேரோடும் மாசி வீதிகளிலும், அழகர் இறங்கும் வைகையிலும், போலீஸாரோடு தோள் சேர்ந்து ஜனத்திரளைத் தாங்கும் ஊர்க்காவல் படையினர், தாம் வந்த நாளுக்கு மாத்திரம் படி பெறும் தொண்டர்கள். தமிழ்நாட்டில் 1963 முதல் இயங்கும் அப்படையினருக்கு மாதச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. நெரிசலில் கால் முறிந்தால், அந்தக் கால் சீராகும் வரையில் படியும் இல்லை. சீருடைக் காவலருக்கு உள்ள விசேஷ ஓய்வூதிய விதியை, குறைந்த அளவிலேனும், கடமையில் காயம்பட்ட ஊர்க்காவல் படையினருக்கும் விரிவாக்குவதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. அந்தச் செலவில் ஒரு பங்கை 1866-ல் போல மதுரை மாநகராட்சியே ஏற்கவும் செய்யலாம்.