மகாவலிக் கரையும் நீரியற் புலமையும்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின்மீது நின்று மகாவலி கங்கையை நோக்குவார் பெரும்பாலும் அதன் அழகையே நோக்குவர். அப்பாலத்துக்குச் சிறிது கீழே, பொல்கொல்லையில், 1976ஆம் ஆண்டு ஓரணை திறக்கப்பட்டது. ஆற்றுநீரின் ஒரு பகுதி அங்கிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியே உக்குவளை மின்னிலையத்தை அடைந்து, சுதுகங்கையூடாக அம்பன் கங்கையிற் கலந்து, வறண்ட வலயத்தை நோக்கிச் செல்கின்றது. ஆற்றிலிருந்து எவ்வளவு நீரை எடுக்கலாம்? இத்தகைய வினாவுக்கு விடை காண்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட அறிஞர் மரபொன்று ஈழநாட்டில் உருவான வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

அம்மரபு பல்கலைக்கழகத்திற் பிறந்ததன்று. 1873 முதல் 1904 வரை இங்கு நீர்ப்பாசனப் பணியாற்றிய ஹென்றி பாக்கர், பழங்குளங்களின் பிசோகொட்டுவ என்னும் அமைப்பை ஆராய்ந்து, அது நீர் வெளியேறுதலைக் கட்டுப்படுத்தும் கிணறே எனத் துணிந்தார். 1909இல் வெளிவந்த தம் நூலிலும் அதனை விளக்கினார். நில அளவையாளரான ஆர். எல். புரோகியர் பண்டை நீர்ப்பாசன வேலைகள் பற்றிய தம் நூலை 1934, 1935ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். நம்மவருள் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் குறிப்பிடத்தக்கவர். யாழ்ப்பாணக் கடனீரேரிகளை நன்னீராக்கும் திட்டத்தை 1950களில் வகுத்த அவர், நாட்டின் நீர்வளங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் 1969இல் வெளிவந்தது. இம்மூவரும் பேராசிரியப் பதவியால் அன்றி, வெயிலில் நடந்த கால்களாலேயே புலமை பெற்றனர் எனலாம்.

கொழும்பில் 1950இல் தொடங்கிய பொறியியற் பீடம் 1964இற் பேராதனைக்கு வந்தது. வகுப்பறைக்கு அருகிலேயே ஆறு! மகாவலிப் பெருந்திட்டத்துக்கான ஆய்வுகளும் ஐக்கிய நாடுகளின் துணையுடன் அத்தசாப்தத்திலேயே நடைபெற்றன. இவ்வாறு நீரியல் ஒரு கல்வித்துறையாயிற்று.

மழை, மண்ணின் ஈரம், ஆவியாதல், வழிந்தோடல் ஆகியவற்றைச் சமன்பாடுகளாற் பிணைத்து ஆற்றின் போக்கை முன்னறிதலே நீரியல் மாதிரியின் நோக்கமாகும். எனினும், பல்லாண்டு அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திருத்தப்படாத மாதிரி வெறும் ஊகமே. நாடோறும் காலையில் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறித்து வைத்த ஊழியரின் பெயர் எந்த ஆய்வுநூலின் முகப்பிலும் வருவதில்லை; ஆயினும் அவர் ஒரு மாதம் அயர்ந்திருந்தால் பேராசிரியரின் கணிப்பும் பிழைத்துவிடும். கணிப்போர்க்குப் பட்டமும் பதவியும் உண்டு. அளப்போர்க்கு அவை அரிது. இவ்வேற்றுமை நமக்கு உடன்பாடன்று.

1984இல் சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனம் கண்டிக்கு அண்மையில் திகனையில் தொடங்கப்பட்டது. அது பின்னர் கொழும்புக்குப் பெயர்ந்தது. நீராய்வு பொறியியலாளரின் தனியுரிமையன்று என்பதை அது உணர்த்திற்று. பொருளியலாரும் சமூகவியலாரும் அங்கே இடம்பெற்றனர். 1985இல் புவியியலறிஞர் மத்தும பண்டார, சிறு குளங்களைத் தனித்தனியே அன்றித் தொடராகக் காணவேண்டுமென எழுதினார். மேற்குளத்து வயலிலிருந்து வடியும் நீர் கீழ்க்குளத்தை அடைகின்றது. ஆதலின் ஒரு குளத்தின் கணக்கு அதன் கரையோடு முடிவதில்லை. வயலுழுத உழவர் இதனை நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர்.