199 டாலர்: ஒரே விலை, இரண்டு கார்டுகள்

இன்னிக்கு இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளோட கதை. இரண்டுமே ஏஎம்டி கார்டுகள். இரண்டுக்கும் அறிவிச்ச விலை 199 டாலர். நடுவுல ஐந்தரை வருஷம் இடைவெளி. ஆனா பின்னாடி வந்தது பெரிசா வேகமில்லை, சில பேரோட கம்ப்யூட்டர்ல பழசைவிட மெதுவாக்கூட ஓடுச்சு. ஏன்னு பார்ப்போம்.

2016 ஜூன் 29, ஆர்எக்ஸ் 480 கடைக்கு வந்த நாள். 4 ஜிபி 199 டாலர், 8 ஜிபி 239 டாலர். 2014-ல 329 டாலருக்கு வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 970-யோட வேகம் கிட்டத்தட்ட இதுல கிடைச்சது. ரெண்டு வருஷத்துல நூறு டாலருக்கு மேல குறைஞ்சிருக்கு. 'பட்ஜெட் கார்டு'னா இப்படித்தான் இருக்கணும்னு நான் நினைக்கிறேன்: நேத்து பணக்காரங்க வாங்கினது இன்னிக்கு காலேஜ் பசங்க கைக்கு வரணும்.

அதுலயும் ஒரு குளறுபடி இருந்தது. மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரலாம், 6-பின் கேபிள் இன்னொரு 75. கார்டோட கணக்கும் சரியா 150 வாட். மிச்சமே இல்லை! விமர்சகர்கள் கருவி வெச்சு அளந்தப்போ, கார்டு ஸ்லாட்ல இருந்து வரம்பைத் தாண்டி மின்சாரம் இழுக்கிறது தெரிஞ்சது. சில நாள்லயே டிரைவர் அப்டேட் வந்து சுமையை கேபிள் பக்கம் தள்ளிச்சு. விலை குறைந்த மதர்போர்டு வெச்சிருக்கிறவங்கதான் இதைப் பார்த்து பயப்பட வேண்டியிருந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

(ஆரம்பத்துல வந்த சில 4 ஜிபி கார்டுகள்ல உண்மையில 8 ஜிபி நினைவகம் இருந்தது, பயாஸ்தான் பூட்டி வெச்சிருந்தது. பயாஸை மாத்தினவங்களுக்கு 40 டாலர் லாபம்.)

2017 ஏப்ரல்ல இதையே கொஞ்சம் வேகமாக்கி ஆர்எக்ஸ் 580-னு விட்டாங்க. அடுத்த சில மாசத்துல எத்தீரியம் மைனிங் ஜுரம். கார்டுகள் கடையில இல்லை, இருந்த இடத்துல விலை எகிறிடுச்சு. இங்கதான் 'மதிப்பு'ங்கிற கணக்கு உடைஞ்சது. ஒரு டாலருக்கு எத்தனை ஃபிரேம்னுதானே நாம பார்க்கிறோம்? மேல இருக்கிற ஃபிரேம் எண்ணிக்கையை கவனமா அளக்கிறோம். கீழ இருக்கிற டாலர் பத்திரிகைக் குறிப்புல இருந்து வருது. அந்த விலைக்கு யாருக்குமே கார்டு கிடைக்கலைன்னா, அந்த வகுத்தலுக்கு அர்த்தம் என்ன?

மேல இருக்கிற எண்ணும் சுத்தமில்லை. 2011-ல டெக் ரிப்போர்ட் தளத்தோட ஸ்காட் வாசன் இதைத் தெளிவாக் காட்டினார். விநாடிக்கு 60 ஃபிரேம்னு சராசரி வந்தாலும், ஒரே ஒரு ஃபிரேம் வர 100 மில்லிவிநாடி ஆச்சுன்னா கண்ணு திக்குறதைப் பார்த்திடும். சராசரி அதை மறைச்சிடும். அதனால ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகிற நேரத்தை அளக்கணும்னார். (பின்னாடி அவர் ஏஎம்டியிலயே வேலைக்குச் சேர்ந்தார்.) நினைவகம் போதாத கார்டு மாட்டிக்கிறது இந்த அளவையிலதான்.

இப்போ 2022 ஜனவரி. மறுபடியும் மைனிங், கூடவே சிப் தட்டுப்பாடு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வருது, 199 டாலர். 4 ஜிபி மட்டும். நினைவகப் பாதை 64 பிட், விநாடிக்கு 144 ஜிபி. 480-யோட 8 ஜிபி கார்டுல 256 பிட், விநாடிக்கு 256 ஜிபி. வீடியோ என்கோடர் இல்லை, அதாவது கார்டு உதவியோட ஸ்ட்ரீமிங் பண்ண முடியாது. மடிக்கணினிக்குப் பொருத்தமா வெட்டின சிப்பை டெஸ்க்டாப்புக்குக் கொண்டு வந்ததோட அடையாளம் இதெல்லாம்.

எனக்குக் கோபம் வந்த விஷயம் வேற. மதர்போர்டோட பேச 16 லேன்களுக்குப் பதிலா 4 லேன்தான். புது பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டுன்னா விநாடிக்கு சுமார் 8 ஜிபி போகும், சமாளிச்சிடும். பழைய 3.0 போர்டுன்னா அதுல பாதி. கேம் 4 ஜிபியைத் தாண்டினதும் டேட்டா இந்த ஒத்தையடிப் பாதை வழியா கம்ப்யூட்டர் ராமுக்குப் போய்வரணும். அப்போ திக்கல் ஆரம்பிச்சிடும். யாருகிட்ட 3.0 போர்டு இருக்கும்? அதிகமா, 200 டாலர் கார்டு தேடுறவங்ககிட்டதான்! விலை உயர்ந்த புது போர்டுல வெச்சு எடுத்த பெஞ்ச்மார்க், இதை வாங்கப் போறவங்களுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்லும். நல்ல விமர்சகர்கள் இரண்டு போர்டுலயும் ஓட்டிக் காட்டினாங்க.

ஏஎம்டி பக்க நியாயத்தையும் சொல்லணும். 4 ஜிபியில எத்தீரியம் மைனிங் 2020 கடைசியிலேயே நடக்காமப் போயிடுச்சு, அதனால மைனர்கள் இதைத் தொட மாட்டாங்க, கேமர்களுக்குக் கிடைக்கும்னாங்க. அது பொய்யில்லை. பழைய 580-க்கே அறிமுக விலையைவிட அதிகம் கேட்ட நேரம் அது. ஆனா மைனரை விரட்ட என்கோடரை எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

2020 ஜூன்ல ஏஎம்டியே ஒரு பதிவு போட்டிருந்தது: இன்றைய கேம்களுக்கு 4 ஜிபி போதாது, எங்க கார்டுல அதிகம் தர்றோம்னு. 6500 எக்ஸ்டி வந்த வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்தா காணோம். செய்தியாளர்கள் கேட்டதும் திரும்ப வந்துச்சு.