இருந்தும் கிடைக்காத செல்

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதன் மணற்கல் குவாரி. பேர்னின் பழைய நகரத்துக்கு அதன் சாம்பல் பச்சை நிறத்தைத் தந்த கல்லில் பெரும்பங்கு இங்கே வெட்டியதுதான். மலையில் கல் இருப்பது ஊருக்கே பல தலைமுறைகளாகத் தெரியும். அதைக் கீழே இறக்குவதுதான் பாடு. 1871-இல் நிக்லாஸ் ரிக்கன்பாக் என்ற பொறியாளர் குவாரியிலிருந்து ரயில் நிலையத்துக்குப் பல்சக்கரப் பாதை போட்டார். சரிவில் பல்லைப் பிடித்து ஏறவும், சமதளத்தில் சாதாரண ரயிலாக ஓடவும் தெரிந்த எஞ்சின் அதில் ஓடியது. (இதே ரிக்கன்பாக்கின் யோசனையைத்தான் 1880-களில் நீலகிரி மலை ரயிலுக்கும் முதலில் கேட்டார்கள். கடைசியில் குன்னூர் ஏறியது அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் வகுத்த முறை.) ஒரு பொருள் இருப்பதை அறிவது ஒரு வரலாறு, அது வேண்டிய அளவு கைக்கு வருவது இன்னொரு வரலாறு. கல்லின் கதையில் இரண்டையும் யாரும் குழப்புவதில்லை. அறிவியலின் கதையில் மட்டும் முதலாவதை விழா எடுத்துக் கொண்டாடி இரண்டாவதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறோம். நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த டென்ட்ரிடிக் செல்லின் வரலாறு அப்படித் தள்ளப்பட்ட ஒன்று என்பது என் வாதம். அதன் இரண்டாம் பாதி பெருமளவு சுவிட்சர்லாந்தில் நடந்தது.

இந்தச் செல்லை முதலில் கண்ணால் கண்டவர் பெர்லினில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ். 1868-இல் தோலைத் தங்கக் குளோரைடில் ஊறவைத்துப் பார்த்தபோது, கிளை விரித்த செல்கள் மேல்தோலில் கறுப்பாகத் தெரிந்தன. நரம்பின் பகுதி என்று அவர் எழுதிவைத்தார். லாங்கர்ஹான்ஸ் செல் என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் சரியான பதில் இல்லை. 1973-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மன், ஸான்வில் கோன் இருவரும் சுண்டெலியின் மண்ணீரலில் விசித்திரக் கிளைகள் கொண்ட ஒரு செல்லைக் கண்டார்கள். மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு டென்ட்ரிடிக் என்று பெயர் வைத்தார்கள். கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு போய் டி செல் என்ற வெள்ளணுவிடம் காட்டி, அதைப் போருக்கு எழுப்பும் வேலையை இந்தச் செல்தான் மற்ற எதையும்விடத் திறமையாகச் செய்கிறது என்று ஸ்டைன்மன் அடுத்த சில ஆண்டுகளில் வாதாடினார். துறை நம்பவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு அவநம்பிக்கைக்குப் பிறகு உண்மை வென்றது, 2011-இல் நோபல் வந்தது. வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதுதான்.

இந்தக் கதையில் நம்பாதவர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்களாக வருகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மண்ணீரல் செல்களில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற கணக்கில்தான் இந்தச் செல் இருந்தது. அதைப் பிரிக்க, கண்ணாடியில் ஒட்டவைத்து, இரவெல்லாம் வளர்ப்பில் வைத்து, தானாக விடுபட்டு மிதப்பதைச் சேகரிக்க வேண்டும். ஒரு நாள் உழைப்பின் பலன் சிறு துளி. எதிர்ப்பக்கம் மேக்ரோபேஜ் என்ற செல் இருந்தது. அது ஏராளம், வளர்ப்பது எளிது, கிருமியை விழுங்குவதைக் கண்ணாலேயே காணலாம். டி செல்லை எழுப்புவது அதுதான் என்று சொல்ல எல்லோர் கையிலும் பொருள் இருந்தது. ஸ்டைன்மனின் முடிவைச் சோதிக்க விரும்பிய ஆய்வகத்திடம் சோதிக்கும் அளவுக்குச் செல் இல்லை. சுண்டெலியின் டென்ட்ரிடிக் செல்லை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி ஒன்று 1982-இல் வந்தபோது கொஞ்சம் வெளிச்சம் பட்டது; மனிதச் செல்லுக்கு அதுவும் உதவவில்லை. தன் கையால் திரும்பச் செய்து பார்க்க முடியாததை நம்ப மறுப்பது விஞ்ஞானிக்குக் குற்றமில்லை, கடமை.

வழி திறந்தது 1990-களின் முற்பகுதியில். 1992-இல் கயோ இனாபா, ஸ்டைன்மன் முதலானோர் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கொண்டு சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து இந்தச் செல்லைப் பெருக்கினார்கள். மனிதனுக்கான வழியை 1994-இல் பாசல் நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் ஃபெடெரிகா சல்லுஸ்டோ, அன்டோனியோ லான்சவெக்கியா இருவரும் கண்டார்கள். ரத்தத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் மோனோசைட் என்ற வெள்ளணுவோடு ஜிஎம்-சிஎஸ்எஃப், இன்டர்லூக்கின்-4 இரண்டையும் சேர்த்து ஒரு வாரம் வைத்தால் போதும். அது டென்ட்ரிடிக் செல்லாக மாறிவிடுகிறது. அரிதான செல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஒரு குழாய் ரத்தத்திலிருந்து செய்துகொள்ளலாம். ரோஷ் நிறுவனத்தின் பணத்தில், மருந்து கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல், நீல்ஸ் யெர்னெ தலைமையில் தொடங்கிய ஆய்வகம் அது. யெர்னெ, கோலர், டொனெகாவா என்று மூன்று நோபல் பெயர்கள் அதோடு சேர்ந்தவை. சல்லுஸ்டோ அங்கேயே நிற்கவில்லை. எழுப்பப்பட்ட டி செல்கள் பிறகு எங்கே காத்திருக்கின்றன என்று கேட்டு, நினைவு டி செல்களில் இரண்டு வகை உண்டு என்பதை 1999-இல் காட்டினார். பிறகு பெல்லின்சோனா, சூரிக் என்று சுவிஸ் மண்ணிலேயே தொடர்ந்தார். ஆனாலும் உலகின் ஆய்வகங்களில் அதிகம் புழங்கியது அந்த ஒரு வாரச் செய்முறைதான். அதன்பின் அந்தச் செல் உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பவர் தாமே செய்து பார்க்கலாம்.

முதல் ஆட்சேபம் எளிதில் தோன்றுவது: ஸ்டைன்மன் விடாப்பிடியாக நின்றிருக்காவிட்டால் இந்தச் செய்முறையை யார் தேடியிருப்பார்கள்? உண்மைதான், மலையில் கல் இருப்பது தெரியாமல் யாரும் தண்டவாளம் போடுவதில்லை. ஆனால் 1992 கட்டுரையிலும், 1994-இலேயே இன்ஸ்ப்ரூக் குழு வெளியிட்ட இணைக் கட்டுரையிலும் ஸ்டைன்மன் பெயர் இருக்கிறது. வாதத்தால் மட்டும் வெல்ல முடியாது, செல்லைக் கைநிறையக் கொடுத்தால்தான் வெல்லலாம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கிண்ணத்தில் செய்த செல்லும் உடலில் இருக்கும் செல்லும் ஒன்றா? அல்ல என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டிவிட்டன. நிணநீர்க் கணுவில் இயல்பாக வாழும் டென்ட்ரிடிக் செல்கள் பெரும்பாலும் வேறு வழியில் பிறப்பவை. பாசல் முறையில் பிறப்பது அவற்றின் ஒன்றுவிட்ட உறவு. ஆனால் அந்த வேறுபாடு தெரியவந்ததே ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஏராளம் இருந்ததால்தான். பற்றாக்குறைக் காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே யாராலும் முடிந்திருக்காது.

செல் ஏராளமாகக் கிடைத்தபின் ஆசையும் ஏறியது என்பதை மறைக்கக் கூடாது. 1998-இல் சூரிக்கில் ஃபிராங்க் நெஸ்லே குழு, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முற்றிய நோயாளிகள் 16 பேருக்கு அவரவர் ரத்தத்திலிருந்தே செய்த செல்லில் புற்றுநோய்த் துண்டுகளை ஏற்றி நிணநீர்க் கணுவில் செலுத்தியது. 5 பேருக்குக் கட்டி சுருங்கியது. அந்த ஐந்து பேரின் செய்தி உலகெங்கும் பரவியது, மற்ற பதினொரு பேரின் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இத்தகைய செல் சிகிச்சையைச் சிறிய அளவில் சோதித்து, செய்ய முடியுமா, பாதுகாப்பானதா என்று பார்த்தது. கேள்வியை அந்த அளவோடு நிறுத்திக்கொண்டது அடக்கம், பாராட்டத்தக்க அடக்கம். பெரிய சோதனைகளில் டென்ட்ரிடிக் செல் சிகிச்சை இதுவரை கொடுத்தது மிதமான பலனே. கணையப் புற்றுநோய் வந்த ஸ்டைன்மனும் தன் செல்லைத் தனக்கே மருந்தாக்கிப் பார்த்தார். நான்கரை ஆண்டுகள் வாழ்ந்தார். அதில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது.

2011 அக்டோபர் 3-இல் பரிசை அறிவித்த குழுவுக்கு, அவர் மூன்று நாட்கள் முன்பே இறந்துவிட்டது தெரியாது. அந்த உருக்கமான தற்செயலைத் தமிழ் இதழ்கள் தவறாமல் எழுதுகின்றன. எழுதட்டும். அடுத்த முறை எழுதும்போது 1994-ஐயும், பாசலையும், சல்லுஸ்டோவின் பெயரையும் அதே பத்தியில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆய்வகத்தை ரோஷ் 2000-இல் மூடிவிட்டது.